யார் சொன்னாலும் நம்பும் கார்!

2025ஆம் ஆண்டின் நடுவில் சென்னை அண்ணா நகர் பகுதியில் வீட்டு வாசலில் நின்ற சொகுசு கார் ஒன்று காணாமல் போனது. விசாரணையில் இறங்கிய சென்னை போலீஸ் கடைசியில் ஆளைப் பிடித்தது புதுச்சேரியில். ராஜஸ்தான்காரர், எம்.பி.ஏ. பட்டதாரி, விலை உயர்ந்த கார்களை மட்டுமே குறிவைத்துப் பல ஆண்டுகளாகப் பல மாநிலங்களில் கைவரிசை காட்டியவர் என்று போலீஸ் தரப்பில் சொன்னார்கள். குற்றம் நிரூபணமாவது நீதிமன்றத்தின் பாடு, அது கிடக்கட்டும். அந்தச் செய்தியைப் படித்தவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு விஷயம். கடப்பாரையும் இல்லை, கள்ளச்சாவிக் கொத்தும் இல்லை. மின்னணுக் கருவி ஒன்றை வைத்தே காரை வசப்படுத்தினார் என்பதுதான் அது.

அவர் பிடிபட்ட ஊர் புதுச்சேரி என்பது தற்செயல். ஆனால் இந்தச் சங்கதியைப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் வாய்க்காது. சாலை வரி குறைவு என்பதால் பிஒய்-01 நம்பர் பிளேட்டுக்கு அக்கம்பக்க மாநிலங்களில் எப்போதும் ஒரு மவுசு உண்டு. கேரளத்துத் திரை நட்சத்திரங்கள் சிலர் புதுச்சேரி முகவரி காட்டிச் சொகுசு கார்களைப் பதிவு செய்ததாக 2017இல் எழுந்த சர்ச்சை வழக்கு வரைக்கும் போனது. இது போதாதென்று, வெள்ளிக்கிழமை இரவானால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்கள் வந்து குவிகின்றன. கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்குத் தடுப்பு போட்டால் மறுநாள் காலை ஏழரைக்குத்தான் எடுப்பார்கள். அதுவரை வண்டியெல்லாம் ரோமன் ரோலண்ட் வீதியிலும் துய்மா வீதியிலும் சுவரோரம்தான் நிற்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் போட்ட ஒயிட் டவுன் தெருக்கள் அவை. பெரும்பாலான பழைய வீடுகளில் கார் நிறுத்த இடமே கிடையாது. முப்பது, நாற்பது லட்சம் ரூபாய் கார்கூட ராத்திரி முழுக்க முன் பம்பரைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

முன் பம்பருக்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம்? அதற்குக் காரின் உள்ளே இரண்டு வயர்கள் என்ன பேசிக்கொள்கின்றன என்பது தெரிய வேண்டும்.

இரண்டு வயர், ஏகப்பட்ட பேச்சு

இன்றைய காரில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இல்லை. இன்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று, கதவுக்கு, ஹெட்லைட்டுக்கு, ஏசிக்கு என்று ஆங்காங்கே சின்னச் சின்னப் பெட்டிகள். மெக்கானிக்குகள் பொதுவாக ‘ஈசிஎம்’ என்பார்கள். சொகுசு கார்களில் இவற்றின் எண்ணிக்கை நூறைத் தொடும். நடுத்தரக் குடும்பத்துக் காரும் இதற்கு விலக்கில்லை. 2019இல் ஏபிஎஸ்ஸும் ஓட்டுநர் ஏர்பேக்கும் கட்டாயமாயின. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தது. ஒவ்வொரு விதியும் காருக்குள் மின்னணுவைக் கூட்டிக்கொண்டே போனது.

இந்தப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். சக்கரம் வழுக்குகிறது என்று பிரேக் பெட்டி சொன்னால்தான் இன்ஜின் பெட்டி வேகத்தைக் குறைக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனி வயர் இழுத்தால் கார் முழுக்க வயர்தான் இருக்கும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983இல் இதற்கு வழி தேட ஆரம்பித்து, 1986 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த பொறியாளர் மாநாட்டில் விடையை முன்வைத்தது. பெயர் ‘கேன்’. முறுக்கிய இரண்டே வயர்கள். எல்லாப் பெட்டிகளும் அந்த இரண்டிலேயே தொற்றிக்கொள்ளும். 1991இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் அதோடு சாலைக்கு வந்தது. இன்று டிராக்டரில், லிஃப்டில், மின்சார ஸ்கூட்டரில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில், எங்கு பார்த்தாலும் கேன்தான்.

வேலை செய்யும் விதம் எளிது. திருவிழாவுக்குக் கட்டிய குழாய் ஒலிபெருக்கி மாதிரி: மைக் யார் கையில் இருக்கிறதோ அவர் பேசுவது ஊருக்கே கேட்கும், பேசுவது யார் என்று குழாயைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கேன் வயரில் போகிற ஒவ்வொரு செய்தியின் தலையிலும் ஓர் எண் இருக்கும். ‘இது இன்ஜின் சுற்றும் வேகம்’, ‘இது கதவுப் பூட்டு’ என்று செய்தியின் வகையை அந்த எண் சொல்லும். அனுப்பியவர் பெயருக்கு அதில் இடமே இல்லை. இரண்டு பெட்டிகள் ஒரே நொடியில் பேச ஆரம்பித்தால் சிறிய எண்ணுக்கு முன்னுரிமை, பெரிய எண் ஒதுங்கிக்கொள்ளும். ஒரு செய்தியில் அதிகபட்சம் எட்டு பைட் தகவல். கூடவே ஒரு சரிபார்ப்பு எண்ணும் போகும். அது வழியில் ஏற்படும் மின் இரைச்சலால் செய்தி சிதைந்ததா என்று பார்ப்பதற்கு மட்டும்தான். பொய் சொல்கிறவனும் அந்தச் சரிபார்ப்பு எண்ணைச் சரியாகவே போட்டு அனுப்பலாம்.

வடிவமைத்தவர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. 1986இல் அந்த வயரைத் தொட வேண்டுமானால் காரையே பிரிக்க வேண்டும். பிரிக்கிற ஆள் மெக்கானிக்காகத்தான் இருப்பார். அவரிடமிருந்து காரைக் காப்பாற்ற வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? பின்னர் ஸ்டீயரிங்குக்குக் கீழே, பழுது காணும் கருவியைச் செருகுவதற்குப் பதினாறு பின் கொண்ட ஓபிடி போர்ட் வந்தது. பிறகு புளூடூத் வந்தது, சிம் கார்டு வந்தது, செல்போனிலிருந்தே ஏசியைப் போடும் ஆப் வந்தது. உள்ளே இருந்த வயர் மட்டும் பழைய நம்பிக்கையிலேயே இருந்துவிட்டது.

வில்லியனூர் சாலை ஷெட்டில்

இதைக் கண்ணால் பார்க்க ஆய்வகத்துக்குப் போக வேண்டாம். வில்லியனூர் சாலையில் ஒரு மெக்கானிக் ஷெட். டேஷ்போர்டில் இருக்கிற எச்சரிக்கை விளக்கெல்லாம் எரிகிறது என்று ஒரு கார் வந்து நின்றிருந்தது. ஸ்கேனரைச் செருகினால் ‘யு0100’ என்று காட்டியது. இன்ஜின் பெட்டியோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். “யு கோட் வந்தாலே கேன் லைன் தகராறுதான் சார்” என்றார் எலக்ட்ரீஷியன். பேட்டரி டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஓபிடி போர்ட்டின் ஆறாவது பின்னிலும் மறுமுனையைப் பதினான்காவது பின்னிலும் வைத்தார்.

“அறுபது ஓம் காட்டணும். காட்டுதா பாருங்க.”

நூற்றிருபதுக்குப் பக்கத்தில் காட்டியது. கேன் வயரின் இரண்டு கோடியிலும் ஆளுக்கு 120 ஓம் மின்தடை இருக்கும்; இரண்டும் சேர்ந்து அளந்தால் 60. 120 காட்டினால் ஒரு கோடி கைவிட்டுப் போயிருக்கிறது. டிரைவர் கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மேட்டைத் தூக்கி ஒரு கப்ளரைக் கழற்றினார். பின்னெல்லாம் பச்சை பூத்திருந்தது. “ஃபெஞ்சல்ல தண்ணி ஏறுன வண்டி சார். அப்ப காயவெச்சி ஓட்டிட்டாங்க. இப்பதான் வேலையைக் காட்டுது.” 2024 நவம்பர் கடைசியில் கரையேறிய அந்தப் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் காருக்குள் தண்ணீர் புகுந்தது ஊருக்கே தெரிந்த கதை. அதோடு கடல் காற்று, போதாக்குறைக்கு எலி. இந்த ஊரில் கேன் வயருக்கு எதிரிகளுக்குப் பஞ்சமில்லை.

கப்ளரைத் துடைத்து மாட்டியதும் மீட்டர் அறுபதுக்கு வந்தது. பேட்டரியை இணைத்துவிட்டு, சும்மா காட்டுவதற்காக ஸ்கேனரில் ஒரு பட்டனைத் தட்டினார். கார்க் கண்ணாடி தானாக இறங்கியது. இன்னொன்றைத் தட்டினார், ஹாரன் அடித்தது. “வயர்ல யார் சொன்னாலும் வண்டி இப்படிக் கேக்குமா?” என்று கேட்டேன். “ஸ்கேனர் சொன்னா கேக்குதில்ல சார்? அது யாருன்னு அதுக்கு என்னா தெரியும்!”

ஸ்கேனரின் சில கட்டளைகளுக்குக் கார் கடவுச்சொல் கேட்கும் என்பது உண்மை. ஆனால் பெட்டிகள் தங்களுக்குள் ஓயாமல் பேசிக்கொள்ளும் அன்றாடப் பேச்சுக்கு அந்தக் காவல்கூடக் கிடையாது.

ஆய்வகத்திலிருந்து தெருவுக்கு

முதலில் இதை ஆதாரத்தோடு போட்டு உடைத்தவர்கள் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகமும் சேர்ந்த குழு. 2010இல், கைவிடப்பட்ட விமான ஓடுபாதை ஒன்றில் காரை ஓடவிட்டு, கேன் வயரில் தங்கள் செய்தியை நுழைத்தே பிரேக்கை வேலை செய்யாமல் ஆக்கிக் காட்டினார்கள். ‘வயரைத் தொட்டால் யாரும் செய்யலாமே, இதிலென்ன அதிசயம்?’ என்று கார்க் கம்பெனிகள் உதட்டைப் பிதுக்கின. அடுத்த ஆண்டு அதே குழு வயரைத் தொடாமலே உள்ளே போனது: புளூடூத் வழியாக, காரின் செல்போன் இணைப்பு வழியாக, சிடி பிளேயரில் போட்ட ஒரு திருத்தப்பட்ட பாட்டுக் கோப்பு வழியாகக்கூட.

2015 ஜூலையில் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இருவர் செய்ததுதான் உலகத்துக்கே உறைத்தது. செயின்ட் லூயிஸ் அருகே நெடுஞ்சாலையில் ஒரு பத்திரிகையாளர் ஓட்டிச் சென்ற ஜீப் செரோக்கியை, பல மைல் தள்ளி வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பிலிருந்து ஆட்டிவைத்தார்கள். பாட்டுப் பெட்டிக்குள் சிம் வழியாக நுழைந்து, அங்கிருந்து கேன் வயருக்குத் தாவி, கடைசியில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் பயனில்லாமல் செய்தார்கள். ஃபியட் கிரைஸ்லர் 14 லட்சம் வண்டிகளுக்குத் திரும்ப அழைப்பு விடுத்தது. உரிமையாளர்களுக்குத் தபாலில் பென் டிரைவ் அனுப்பி மென்பொருளை மாற்றச் சொன்னது.

ஆனால் ஜீப்பை விட எனக்கு முக்கியமாகப் படுவது ஏழு ஆண்டு கழித்து லண்டனில் நடந்தது. ஏனென்றால் அதைச் செய்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள் இல்லை, திருடர்கள்.

இயான் டேபர் கார் மின்னணுப் பாதுகாப்பு ஆய்வாளர். தெருவில் நிறுத்தியிருந்த அவருடைய டொயோட்டா ராவ்4 காரின் முன் பம்பரை 2022 ஏப்ரலில் யாரோ இழுத்துப் போட்டு, ஹெட்லைட் வயரைக் கழற்றியிருந்தார்கள். யாரோ வேலையற்றவர்களின் சேட்டை என்று நினைத்தார். ஜூலையில் மறுபடியும் அதே போல. ஓரிரு நாளில் காரே போய்விட்டது. திருடர்களுக்கு ஆள் தெரியாமல் போனது அவர்களின் கெட்ட நேரம்.

டொயோட்டாவின் செல்போன் ஆப் வழியாகக் கார் தன் கோளாறுப் பட்டியலை நிறுவனத்துக்கு அனுப்பி வைத்திருந்தது. அதைப் புரட்டினால் ஒரே நேரத்தில் ஏராளமான ‘தொடர்பு அறுந்தது’ கோடுகள். ஹெட்லைட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி பேச்சை நிறுத்தியதும் அதில் பதிவாகியிருந்தது. நம் வில்லியனூர் சாலை எலக்ட்ரீஷியன் பார்த்த அதே ரக யு கோடுகள்தான். இங்கே தண்ணீர் செய்ததை அங்கே ஆள் செய்திருந்தான். டேபர் விடவில்லை. திருடர்களுக்காக இணையத்தில் விற்கப்படும் கருவி ஒன்றை வாங்கிப் பிரித்தார். வெளியே ஜேபிஎல் புளூடூத் ஸ்பீக்கர். போலீஸ் சோதனை போட்டாலும் சந்தேகம் வராது. உள்ளே சில டாலர் பெறுமானமுள்ள சில்லுகள். விலையோ ஆயிரக்கணக்கான யூரோ.

ஆய்வில் டேபரோடு சேர்ந்துகொண்டவர் கென் டிண்டெல். கேன் வயரில் போகிற அவசரச் செய்தி குறித்த நேரத்துக்குள் போய்ச் சேரும் என்று 1990களில் கணக்குப் போட்டு நிரூபித்தவர்களில் ஒருவர். அந்தக் கணக்கை நம்பித்தான் வால்வோ எஸ்80 காரின் வலைப்பின்னல் கட்டப்பட்டது. அவரே 2023 ஏப்ரலில் அந்த வயர் எப்படிக் களவுபோனது என்று விலாவாரியாக எழுத வேண்டி வந்தது. டேபரின் ராவ்4 காரில் ஹெட்லைட்டுக்குப் போகும் கேன் வயரும் சாவியைச் சரிபார்க்கும் பெட்டியின் கேன் வயரும் ஒன்றே. முன் பம்பரை இழுத்து, ஹெட்லைட் கப்ளரைக் கழற்றி, ஸ்பீக்கர் வேஷம் போட்ட கருவியைச் செருகினால் போதும். ‘சாவி சரி’ என்று அது கூவிக்கொண்டே இருக்கும். உண்மையான பெட்டி குறுக்கே பேசாதபடி அதன் வாயையும் அடைத்துவிடும். வயர்கள் சந்திக்கும் இடத்தில் கேட்வே என்ற பெட்டி உண்டு. அது இந்தப் பொய்யை வாங்கி இன்ஜின் பக்கம் கடத்தும். சரியான சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளப்ப விடாத இம்மொபிலைசர் விலகும். ‘பிளே’ பட்டனை அழுத்தினால் அடுத்த செய்தி கதவைத் திறக்கும். சாவி வீட்டுக்குள் எந்த டப்பாவில் இருந்தாலும் கவலையில்லை.

சாவியின் சிக்னலைப் பெருக்கித் திருடுவது வேறு உத்தி. அதற்குத்தான் சிக்னலை மறைக்கும் பை விற்கிறார்கள். ஹெட்லைட் வழியாக வருபவனிடம் அந்தப் பை செல்லாது.

புதுச்சேரிக்காரர்களுக்குப் பழகிய பிரான்ஸிலும் இப்படி மின்னணுக் களவு நடந்தது. பழுது பார்க்கும் மென்பொருள் என்று விளம்பரம் செய்து, இரண்டு பிரெஞ்சுக் கார்க் கம்பெனிகளின் சாவியில்லா மாடல்களைத் திருட உதவிய கும்பல் ஒன்றை, பிரெஞ்சு போலீஸ் ஸ்பெயின், லாட்வியா நாடுகளோடு கைகோத்து 2022 அக்டோபரில் மடக்கியது. 31 பேர் கைது. மென்பொருளை எழுதியவர்கள், விற்றவர்கள், அதைவைத்துக் காரை எடுத்தவர்கள் எல்லாரும் அதில் அடக்கம். களவுக்கும் இப்போது தயாரிப்பாளர், டீலர், வாடிக்கையாளர் வந்துவிட்டார்கள்.

ஒவ்வொரு செய்திக்கும் கையெழுத்து

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. ஆட்டோசார் என்ற உலகக் கார்க் கம்பெனிகளின் கூட்டமைப்பு 2014 வாக்கில் ‘செக்ஓசி’ என்ற முறையைத் தன் தரநிலையில் சேர்த்தது. செய்தியோடு ஒரு ரகசியக் கையெழுத்தையும் சேர்த்து அனுப்புவதுதான் அதன் சாரம். பேசும் பெட்டிக்கும் கேட்கும் பெட்டிக்கும் பொதுவான 128 பிட் ரகசியச் சாவி ஒன்று இருக்கும். செய்தியையும் அந்தச் சாவியையும் சேர்த்து அரைத்து ஓர் எண் வரவழைத்துச் செய்தியின் வாலில் ஒட்டுவார்கள். கேட்கும் பெட்டி தன்னிடமுள்ள சாவியால் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் செய்தி குப்பைக்குப் போகும்.

நேற்று கேட்ட உண்மைச் செய்தியைப் பதிவு செய்துவைத்து இன்று அப்படியே ஓட்டினால்? கையெழுத்து சரியாகத்தானே இருக்கும்! அதனால் ஒவ்வொரு செய்திக்கும் ஏறிக்கொண்டே போகும் ஒரு வரிசை எண்ணையும் கணக்கில் சேர்க்கிறார்கள். பழைய எண்ணோடு வந்தால் பழைய சரக்கு என்று தெரிந்துவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் அந்த எட்டு பைட்டில் இருக்கிறது. முழுக் கையெழுத்து மட்டுமே பதினாறு பைட்! அதனால் நறுக்குகிறார்கள். பரவலான ஏற்பாட்டில் கையெழுத்துக்கு 24 பிட், வரிசை எண்ணின் வாலுக்கு 8 பிட். மொத்தம் நான்கு பைட் போனால் உண்மைத் தகவலுக்கு மிச்சம் நான்கு. 24 பிட் கையெழுத்தைக் குருட்டாம்போக்கில் ஊகித்துச் சரியாகப் போட ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்தில் ஒரு வாய்ப்பு. காருக்கு அது போதும் என்பது கணக்கு. 2012இல் வந்த ‘கேன் எஃப்டி’யில் ஒரு செய்திக்கு 64 பைட் வரை இடமுண்டு, நெருக்கடி அங்கே தளர்கிறது. பிரேக் செய்தி பத்து மில்லிநொடிக்கு ஒருமுறை வந்துகொண்டிருக்கும்போது இந்தக் கணக்கையெல்லாம் தாமதமில்லாமல் போட வேண்டும். அதற்காகச் சில்லுக்குள்ளேயே தனிப் பகுதி ஒதுக்கி, ரகசியச் சாவியையும் அதற்குள் பூட்டி வைக்கிறார்கள். ஒரு சில்லுக்குக் கூடுகிற செலவு கொஞ்சம்தான். ஆனால் விலைப் போட்டி கடுமையான நம் சந்தையில், காருக்குப் பல பெட்டி, ஆண்டுக்குப் பல லட்சம் கார் என்று பெருக்கும்போதுதான் கம்பெனியின் கை தயங்குகிறது.

கையெழுத்து இல்லாமலே பொய்யனைப் பிடிக்க முடியுமா என்றும் பார்த்தார்கள். ஒவ்வொரு பெட்டியின் உள் கடிகாரமும் மயிரிழை அளவு வித்தியாசமாக ஓடும். அதையே கைரேகையாக வைத்துப் பேசியது யார் என்று சொல்லலாம் என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். அருமையான யோசனைதான். இரண்டே ஆண்டில், வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராதா பூவேந்திரனின் குழு அந்தக் கடிகாரப் பிசகையும் போலியாக நடித்துக் காட்டி அந்தக் காவலை ஏமாற்றிவிட்டது. காவலை ஏமாற்றும் வழியைத் திருடனுக்கு முன்னால் ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்துச் சொல்வதுதான் இந்தத் துறையில் ஆரோக்கியமான நடைமுறை.

செக்ஓசி மட்டும் அசைக்க முடியாத கோட்டையா? 2021 மாடல் டொயோட்டா ராவ்4 பிரைமில் அது உண்டு. வில்லெம் மெல்ஷிங் என்ற ஆய்வாளர் 2024இல் அந்தக் காரின் பவர் ஸ்டீயரிங் பெட்டிக்குள் தன் நிரலை ஓடவைத்து, நினைவகத்திலிருந்து ரகசியச் சாவிகளை உருவி எடுத்தார். கையெழுத்துக் கணக்கில் ஓட்டை இல்லை. சாவி வைத்திருந்த இடம் சரியில்லை. கார்க் கம்பெனி விற்பனையாளர் ‘ராணுவத் தரப் பாதுகாப்பு’ என்று பிரசுரத்தைக் காட்டும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் வந்தது, ஷெட்டுக்குப் பூட்டு வந்தது

ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 2020 ஜூனில் ஆர்155 என்ற விதியைக் கொண்டுவந்தது. கார் தயாரிக்கிறவர், வடிவமைப்பு நாளிலிருந்து வண்டி சாலையில் ஓடும் காலம் வரை இணையத் தாக்குதல் அபாயத்தைக் கணித்துக் கவனித்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புதிய வண்டிக்கும் இது பொருந்தும். வெறும் காகித விதி இல்லை. பெட்ரோல் மகான் காரை இதற்கேற்ப மாற்றுவது கட்டுப்படியாகாது என்று போர்ஷே அதை ஐரோப்பிய ஒன்றியச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டது. இந்தியாவும் அதே பாதையில் ஏஐஎஸ்-189 என்ற தரநிலையை வகுத்திருக்கிறது. நாட்டின் பெரிய கார்த் தொழிற்சாலைகள் சில ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து கார் கப்பலேறும் நாடுகள் கேட்பதை இங்கேயும் செய்தாக வேண்டும் என்பதால், விதி முழுசாக வருவதற்கு முன்பே வேலை நடக்கிறது.

இங்கேதான் வில்லியனூர் சாலை எலக்ட்ரீஷியனின் பிழைப்பு நடுவில் மாட்டுகிறது.

ஒவ்வொரு பெட்டிக்கும் ரகசியச் சாவி இருந்தால், பழுதான பெட்டியைக் கழற்றிப் புதிதை மாட்டினால் மட்டும் போதாது. புதுப் பெட்டிக்குக் காரின் சாவியைக் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுக்கும் உரிமை கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. ஜீப் விவகாரத்துக்குப் பிறகு ஃபியட் கிரைஸ்லர் 2018 வாக்கில் ஓபிடி போர்ட்டுக்குப் பின்னால் ஒரு பாதுகாப்பு கேட்வேயை வைத்தது. பதிவு செய்துகொள்ளாத ஸ்கேனர் கோளாறைப் படிக்கலாம், அழிக்க முடியாது. ஃபெஞ்சல் தண்ணீரில் போன பெட்டிக்குப் பழைய காரிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டி ஏழைக்கேற்ற ரேட்டில் முடிக்கிற வேலை இனி நடக்காது.

பாதுகாப்பைச் சாக்கு வைத்து ரிப்பேர் சந்தையை வளைத்துப்போடுவது வெறும் பயமா? நம் நாட்டிலேயே முன் உதாரணம் உண்டு. உதிரிபாகங்களையும் பழுது காணும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் இறுக்கியதாக 14 கார்க் கம்பெனிகள் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டில் வளைந்து வளைந்து போனது வேறு கதை. மெக்கானிக்கிடமிருந்து காப்பதாகச் சொன்ன தகவல் எல்லாம் அப்போது வெறும் வயரிங் படமும் ஸ்கேனர் மென்பொருளும்தான். இப்போது கையில் ரகசியச் சாவியே இருக்கிறது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2020இல் வாக்களித்து, காரின் வயர்லெஸ் தகவலை வெளி மெக்கானிக்குக்கும் திறக்கச் சொன்னார்கள். 2023 ஜூனில் மத்திய சாலைப் பாதுகாப்பு அமைப்பு, ஹேக்கர் வந்துவிடுவான் என்று சொல்லி அந்தச் சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்று கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. கண்டனம் கிளம்பியதும் ஆகஸ்டில் சுதி இறங்கியது. இந்தியாவில் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் திறந்தது. அதில் கார்த் துறையும் உண்டு. ஆனால் பெட்டிக்குள் சாவி ஏற்றுவது யார் கையில் என்ற கேள்விக்குச் சேவை மைய முகவரிப் பட்டியல் பதிலாகாது.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்து வேண்டும். அது இல்லாத வயரை இனியும் சாலையில் விடுவது பொறுப்பற்ற செயல். அதே நேரம், உரிமம் பெற்ற வெளி மெக்கானிக் தன் பெயரைப் பதிவு செய்துகொண்டு, எந்தக் காருக்கு எப்போது சாவி ஏற்றினார் என்ற பதிவோடு, நியாயமான கட்டணத்தில் அந்த வேலையைச் செய்ய வழி இருக்க வேண்டும். இதைத் தொழில்நுட்பம் தடுக்கவில்லை. வங்கிக் கணக்கு முதல் வாக்காளர் அட்டை வரை அடையாளம் காட்டிப் பழகிய நாடு இது. ஒரு எலக்ட்ரீஷியனின் அடையாளத்தைச் சரிபார்க்க முடியாதா என்ன? ஏஐஎஸ்-189 நடைமுறைக்கு வரும்போதே இதையும் சேர்த்து எழுதாவிட்டால், பிறகு எழுதுவது குதிரைக்கொம்பு.

இப்போது கையில் இருக்கும் காருக்கு?

கையெழுத்து முறை உள்ளே இல்லாத காருக்கு அதை வெளியிலிருந்து மாட்ட முடியாது. அந்த வேலை பெட்டிகளின் மென்பொருளையும் சில்லையும் சேர்ந்தது. டிண்டெல் சொல்லும் அவசர மருந்து ஒன்று உண்டு: வயரில் திடீரென்று கோளாறு பெருகும் நேரத்தில் வருகிற ‘சாவி சரி’ செய்தியை கேட்வே நம்பாமல் விடும்படி மென்பொருளைத் திருத்துவது. அதையும் கம்பெனிதான் அனுப்ப வேண்டும். சர்வீஸுக்கு விடும்போது ‘சாஃப்ட்வேர் அப்டேட் இருக்கா?’ என்று கேட்டு, ஜாப் கார்டில் எழுத வைப்பதற்குக் காசு எதுவும் செலவில்லை.

புதிய கார் வாங்குகிறவர்கள் ஷோரூமில் சன்ரூஃபைப் பற்றிக் கேட்கிற நேரத்தில் பாதியை, ஆர்155 அங்கீகாரம் உண்டா, எத்தனை ஆண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் தருவீர்கள் என்று கேட்பதற்குச் செலவிடலாம். பழைய கார் வாங்குகிறவர்கள், முந்தைய உரிமையாளரின் செல்போன் ஆப்பிலிருந்து காரை விடுவித்து, எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று ஸ்கேனரில் எண்ணிப் பார்த்து, கையில் இல்லாதவற்றை அழிக்கச் சொல்ல வேண்டும். பிஒய்-01 வண்டி கை மாறுகிற வேகத்துக்கு இது மிகவும் அவசியம்.

ஸ்டீயரிங்கில் குறுக்கே மாட்டும் இரும்புப் பூட்டைக் கேலி செய்ய வேண்டாம். கேன் வயரில் என்ன கூவினாலும் அது திறக்காது. ஓபிடி போர்ட்டை மூடிப் பூட்டும் இரும்புப் பெட்டியும் கிடைக்கிறது, ஆனால் ஹெட்லைட் வழியாக வருபவனை அது நிறுத்தாது. ஒயிட் டவுனில் ராத்திரி நிறுத்திய காரின் முன் பம்பர் காலையில் ஒருபக்கம் தூக்கியிருந்தாலோ, சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் உறை கழன்று தொங்கினாலோ, மாடு இடித்திருக்கும் என்று தட்டி மாட்டிவிட்டுப் போகாதீர்கள். அன்றைக்கே ஷெட்டுக்கு விட்டு ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய்தான். ஹெட்லைட் பெட்டியின் பெயரில் யு கோட் வரிசையாக வந்தால் போலீஸில் புகார் கொடுங்கள், அன்று ராத்திரி காரை வேறு இடத்தில் நிறுத்துங்கள்.